பெங்களூரில் எந்தப் பாருக்குப் போவது? முதலில் கடிகாரத்தைப் பார்

தங்கை மகன் மதுரையிலிருந்து வேலைக்காக பெங்களூரு வந்து மூன்று மாதம் ஆகிறது. இரண்டாவது சம்பளம் வந்த வாரக் கடைசியில், நள்ளிரவைத் தாண்டி ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். ஒரு பில். கீழே ஒரு வரி: "மாமா, நான்கு பேர், ஆளுக்கு இரண்டே மக். இந்த ஊரில் எல்லோரும் எப்படித்தான் குடிக்கிறார்கள்?"

பில்லைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டு மக் பியர், ஒன்று 395 வீதம் 3,160. சாப்பாடு 1,480. சாப்பாட்டுக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி 74. சேவைக் கட்டணம் பத்து சதவீதம் என்று 464. ஆக மொத்தம் 5,178 ரூபாய். அவன் பங்குக்கு ஏறத்தாழ 1,295. அதோடு முடியவில்லை. இந்திரா நகரிலிருந்து பிடிஎம் லேஅவுட்டுக்கு ஆட்டோ 450 கொடுத்திருக்கிறான். கூட்டினால் 1,745. இதில் அவன் குடித்த பியரின் விலை 790 ரூபாய்தான். பாதிகூட இல்லை.

அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் வருடாவருடம் என்னிடம் கேட்கும் கேள்விதான் இது. எங்கே விலை குறைவு என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது எத்தனை மணிக்கு எழுந்து எப்படி வீட்டுக்குப் போவது என்பதை. அதை முடிவு செய்துவிட்டால் எங்கே உட்காருவது என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் மொத்தச் செலவு. பில்லின் கடைசி வரியோடு கணக்கை நிறுத்தக் கூடாது, வீட்டுக் கதவைத் திறக்கும்வரை ஆனதைக் கூட்ட வேண்டும். அடுத்தது, பேச முடிகிறதா. மூன்றாவது, யாரை அழைத்துப் போகலாம்: பெண் தோழிகள் வரலாமா, குடிக்காத நண்பன் நிம்மதியாக உட்கார முடியுமா. நான்காவது, தொட்டுக்கொள்ள என்ன கிடைக்கும். என் வயதில் இதுதான் முதலிடத்துக்கு வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாவது கடிகாரம். மதுக்கடை இரவு பத்தரைக்கு அடைத்துவிடும். மெட்ரோவின் கடைசி ரயில்கள் முனையங்களிலிருந்து பதினொரு மணியளவில் கிளம்பிவிடும். பார்களும் பப்களும், 2024 ஆகஸ்டில் அரசு நேரத்தை நீட்டியதிலிருந்து, நகருக்குள் ஒரு மணி வரை திறந்திருக்கலாம். பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்கும் இந்த இரண்டு மணி நேரம்தான் பெங்களூரு இரவின் விலையுயர்ந்த பகுதி. டாஸ்மாக் பத்து மணிக்கு அடைக்கும் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு மணி என்பது வரம் போலத் தெரிகிறது.

இன்னொரு சின்னக் கணக்கும் வேண்டும். அரை லிட்டர் மக் பியரில் ஐந்து சதவீதம் ஆல்கஹால் என்றால், உள்ளே 25 மில்லி. விஸ்கி, ரம் எல்லாம் நம் நாட்டில் 42.8 சதவீதம், 60 மில்லி லார்ஜ் ஒன்றில் இருப்பதும் ஏறக்குறைய அதே 25 மில்லிதான். "நான் வெறும் பியர்தான்" என்று மூன்று மக் குடிப்பவரும் மூன்று லார்ஜ் போடுபவரும் ஒரே படியில்தான் நிற்கிறார்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பியர் பாட்டில் ஏழு சதவீதம் என்றால் 45 மில்லிக்கு மேல். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஆல்கஹால் 77 மில்லி. எங்கே எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்க்க இந்த எண்கள் உதவும்.

## மைக்ரோபுருவரி

பியரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிற இடங்கள். 2010-இல் இந்திரா நகரில் டாய்ட் திறந்த பிறகு, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நகரம் முழுக்கப் பரவிவிட்டன. வைட்ஃபீல்டு, சர்ஜாப்பூர் சாலை, ஹெண்ணூர் என்று எந்தப் பக்கம் போனாலும் கண்ணாடிக்குப் பின்னால் செம்பு நிறத் தொட்டிகள் பளபளக்கின்றன.

இங்கே கொடுக்கும் காசில் ஒரு பகுதி நியாயமானது. பாட்டில் பியர் பெரும்பாலும் வடிகட்டிச் சூடேற்றி அடைத்தது, மாதக்கணக்கில் தாங்கும். இங்கே காய்ச்சுவது அப்படியல்ல, சில நாட்களில் குடித்தாக வேண்டும். கோதுமை பியரை மூக்கருகே கொண்டுபோனால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை; ஈஸ்ட் செய்யும் வேலை அது. டாய்டில் பாஸ்மதி அரிசி சேர்த்து ஒரு பியர் காய்ச்சுகிறார்கள். கோடையில் மாம்பழம் போட்டுக் காய்ச்சும் இடங்கள் உண்டு. பல இடங்களில் சின்னக் கண்ணாடிக் குவளையில் சுவை பார்க்கக் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கேட்கலாம்.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன். வெள்ளி, சனி இரவுகளில் வாசலில் காத்திருக்கும் நேரம். மேசையை இரண்டு மணி நேரத்தில் காலி செய்யச் சொல்லும் வழக்கம். பில்லைச் சமமாகப் பிரிக்கும் பழக்கத்தால், எலுமிச்சை சோடா குடித்தவன் இரண்டு மக் பியருக்குப் பணம் கட்டும் கொடுமை. அந்த நால்வரில் ஒருவன் குடிக்கவே இல்லையாம், அவன் பெயரில் வந்த மக்கை மற்றவர்கள் முடித்திருக்கிறார்கள். அப்புறம் சேவைக் கட்டணம். அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லியது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. "இதை எடுத்துவிடுங்கள்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். மருமகனுக்கு 116 ரூபாய் மிஞ்சியிருக்கும். உபசரித்த பையனுக்கு அதில் ஐம்பதைக் கையில் கொடுத்திருந்தால் அவனுக்கும் மகிழ்ச்சி.

பெண்கள் உள்ள குழுவுக்கு, ஊரிலிருந்து வந்த நண்பனுக்கு ஒருமுறை காட்டுவதற்கு, வார நாளில் அலுவலகம் முடிந்து ஆறு மணிக்கு உட்கார்ந்து ஒன்பதுக்கு எழுவதற்கு இது நல்ல இடம். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் என்றால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எதிரில் இருப்பவன் வாய் அசைவதுதான் தெரியும். இங்கே வந்து விஸ்கி வாங்குவது மாம்பழ மண்டியில் போய் ஆப்பிள் கேட்பது மாதிரி.

## பழைய பப்

பெங்களூருக்கு 'பப் நகரம்' என்ற பெயர் 1980-களின் பிற்பகுதியில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருக்கும் சில இடங்கள் பிரிகேட் சாலை, சர்ச் தெருவைச் சுற்றி இருக்கின்றன. ரெஸ்ட் ஹவுஸ் சாலையில் 1989 முதல் இருக்கும் பெக்கோஸ் அதில் ஒன்று: குறுகலான படி, மர பெஞ்சு, சுவரெங்கும் ராக் இசைக்காரர்களின் முகங்கள். பியரில் பெரிய வகைகள் கிடையாது. மக்கில் ஊற்றுவார்கள், அல்லது பிட்சரில் கொண்டுவந்து வைப்பார்கள். மைக்ரோபுருவரியைவிட விலை குறைவு.

செயின்ட் மார்க்ஸ் சாலையில் இருக்கும் கோஷீஸ் உணவகத்தைப் பப் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்தப் பட்டியலில் அதற்கு இடம் கொடுப்பேன். ஒரு பாட்டில் பியரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாலும் யாரும் முகம் சுளிக்காத இடம் இந்த ஊரில் அபூர்வம். அறுபது வயது அப்பா வந்தால் நான் அங்கேதான் கூட்டிப்போவேன். அவருக்குக் காபி, எனக்குப் பியர்.

இந்த வட்டாரத்தின் பெரிய லாபம் எம்.ஜி. சாலை மெட்ரோ நிலையம். எங்கே உட்கார்ந்தாலும் நடந்துபோகும் தூரம்தான். பத்தரைக்கு எழுந்துவிட்டால் வீட்டுக்குப் போகும் செலவு இரண்டு இலக்கத்தில் முடியும். அதிகபட்சக் கட்டணமே 90 ரூபாய்தான்.

## பேட்டை பார்

பெயர்ப்பலகையில் 'பார் அண்ட் ரெஸ்டாரண்ட்' என்று இருக்கும். அல்சூர், ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஸ்ரீராம்புரம் என்று தமிழர்கள் நெருங்கி வாழும் பேட்டைகளில் தெருவுக்கு ஒன்று உண்டு. வழிகாட்டிகளில் இவற்றின் பெயர் வராது. என் ஓட்டு இவற்றுக்குத்தான், அதை மறைக்க விரும்பவில்லை.

அல்சூரில் நான் போகும் இடத்தில் சுவரோரமாக ஆறு மேசைகள். சத்தம் குறைத்து வைத்த தொலைக்காட்சியில் கன்னடப் பாடல்கள் ஓடிக்கொண்டிருக்கும். உட்கார்ந்ததும், கேட்காமலேயே ஒரு சின்னத் தட்டு வரும்: வெள்ளரித் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும், பக்கத்தில் காங்கிரஸ் கடலை. தோல் நீக்கி இரண்டாகப் பிளந்த நிலக்கடலையில் காரம் ஏற்றிய இந்த ஊர்ச் சரக்கு அது. பரிமாறுகிறவர் கிருஷ்ணகிரிக்காரர். காலி பாட்டிலை எடுத்துப்போக மாட்டார், மேசைக்குக் கீழே கால் படாத ஓரத்தில் வரிசையாக நிறுத்திவைப்பார். கடைசியில் குனிந்து எண்ணிவிட்டுத்தான் பில் எழுதுவார். "அண்ணே, உங்களுடையது மூன்று, அவருடையது இரண்டு" என்பார். குடித்தவன் ஞாபகத்தைவிட அந்த வரிசை நம்பகமானது.

கன்னடத்தில் மதுவுக்குச் செல்லப்பெயர் 'எண்ணெ'. நமக்குத் தண்ணி, அவர்களுக்கு எண்ணெய். இரண்டும் சண்டையில்லாமல் ஒரே மேசையில் கலப்பதை இங்கேதான் பார்த்திருக்கிறேன்.

விலை கடை விலையைவிட அதிகம், பப்பைவிடக் குறைவு. பெப்பர் சிக்கன், முட்டைப் பொரியல், கோபி மஞ்சூரி மூன்றும் வந்தும், மருமகன் அன்று கொடுத்ததில் பாதியில் நான் எழுந்திருக்கிறேன். வீடு நடக்கும் தூரத்தில் என்றால் ஆட்டோ செலவே இல்லை.

குறைகளும் சின்னவையல்ல. மாடியில் ஏசி அறை இருந்தால் அங்கே அதே பாட்டிலுக்கு விலைப்பட்டியல் வேறு. உட்காருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கழிப்பறையைப் பற்றி எழுதாமல் இருப்பதே மரியாதை. பெண்களுக்கு இன்னும் இது இயல்பான இடமாக ஆகவில்லை. உடன் வேலை செய்யும் தோழி ஒருத்தி ஒருமுறை எங்களோடு வந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அடுத்த முறை நீங்கள் மட்டும் போங்கள்" என்றாள். சில பார்களில் 'ஃபேமிலி' என்று தனி அறை இருக்கும். அது ஓரளவு பரவாயில்லை.

## ஒயின் ஷாப் வாசல்

கடை விலைக்கு வாங்கி, கவுன்டர் ஓரமாக நின்று முடித்துவிட்டுப் போவது. இந்த ஊரில் இதைவிட மலிவு கிடையாது. 90 மில்லி, 180 மில்லி என்று டெட்ரா பாக்கெட்டிலேயே விஸ்கி கிடைக்கும். கையில் அடங்கும், பழச்சாறு போல இருக்கும். சட்டப்படி சில்லறை மதுக்கடையில் வாங்க மட்டுமே அனுமதி, அங்கேயே குடிக்க உரிமத்தில் இடமில்லை. கண்டுகொள்ளாமல் இருக்கும்வரை ஓடும்; சோதனை வந்தால் நிற்கிறவர்களைக் கலைப்பார்கள். பத்து நிமிட வேலைக்குச் சரி. நண்பனோடு பேச வேண்டும் என்றால் இது இடமே இல்லை.

## வீட்டு மாடி

நல்ல பாட்டில் வாங்குவதாக இருந்தால், வீட்டை மிஞ்ச எதுவும் இல்லை. பார் வைக்கும் லாபம் விலையோடு சேர்ந்து ஏறும்: மலிவான ரம்மில் இழப்பது சில ரூபாய், உயர்ந்த விஸ்கியில் இழப்பது பாட்டில் விலையில் பெரும்பங்கு. பெங்களூரிலேயே 1948-இல் தொடங்கிய அம்ருத் நிறுவனம் 2004-இல் தன் சிங்கிள் மால்ட் விஸ்கியை முதலில் விற்கப் போனது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு. அங்கே பீப்பாயில் முதிரும் விஸ்கியில் ஆண்டுக்கு இரண்டு சதவீதம் அளவுக்கு ஆவியாகும். நம் வெயிலில் பத்து சதவீதத்துக்கும் மேல் போகிறது, ஆனால் அதே வெயிலால் விரைவில் முதிர்கிறது. அதை பாரில் பெக் கணக்கில் குடிப்பதைவிட, நான்கு பேர் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்கி மொட்டை மாடியில் திறப்பது புத்திசாலித்தனம்.

ஆனால் வீடு இலவசமில்லை. சோடா, ஐஸ், பரோட்டா, சிக்கன் எல்லாம் தனித்தனியாக வரும். பத்தரைக்குக் கடை அடைத்த பிறகு "இன்னும் கொஞ்சம் இருந்தால்" என்று ஒருவன் தொடங்குவான். மறுநாள் பாத்திரம் யார் கழுவுவது என்பதில் நட்பு தேயும். வாடகை வீட்டுக்காரர் கீழ்த் தளத்தில் இருந்தால் மாடியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்; பிஜி விடுதிகளில் பேச்சே இல்லை. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 ஆகிய நாட்களிலும், தேர்தல் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்திலும் விற்பனை கிடையாது. மிஞ்சிய பாட்டிலை ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணமும் வேண்டாம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் அது தமிழ்நாட்டு மதுவிலக்குப் போலீசின் விவகாரம்.

## இன்னும் இரண்டு, சுருக்கமாக

நடன அரங்குகளில் நுழைவதற்கே கவர் சார்ஜ் உண்டு. அதைக் குடியிலும் உணவிலும் கழித்துக்கொள்ளலாம் என்பார்கள், உள்ளே இருக்கும் விலையில் அது இரண்டு கோப்பையில் கரைந்துவிடும். ஆண்கள் மட்டும் சேர்ந்து போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பும் இடங்கள் பல. ஆடத் தெரிந்தவர்கள் போகட்டும்.

உறுப்பினர் கிளப்புகளில் விலை குறைவு, இடம் அழகு. ஆனால் உறுப்பினர் ஒருவரின் விருந்தாளியாகத்தான் போக முடியும், செருப்போடு போனால் வாசலோடு சரி. 1868-இல் தொடங்கிய பெங்களூர் கிளப்பின் பழைய பேரேட்டில், வசூலாகாத பாக்கி என்று 1899-இல் எழுதிவைத்த ஒரு பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். தொகை 13 ரூபாய். இந்த ஊரில் பில்லைப் பார்த்துத் தடுமாறிய முதல் ஆள் என் மருமகன் அல்ல.

| | செலவு | பேச்சு | பெண்கள், குடிக்காதவர்கள் | எதைக் குடிக்கலாம் | எப்போது எழ வேண்டும் |
|---|---|---|---|---|---|
| மைக்ரோபுருவரி | அதிகம் | வார நாளில் முடியும் | வசதி | அங்கே காய்ச்சியது மட்டும் | ஒன்பது |
| பழைய பப் | நடுத்தரம் | ஏழு மணிக்கு முன் | வசதி | மக் பியர் | பத்தரை |
| பேட்டை பார் | குறைவு | நன்றாக | சங்கடம் | பாட்டில் பியர், ரம் | கால் சொல்லும்போது |
| ஒயின் ஷாப் வாசல் | மிகக் குறைவு | இல்லை | இல்லை | சின்ன அளவு | பத்து நிமிடத்தில் |
| வீட்டு மாடி | குறைவு, வேலை அதிகம் | மிக நன்றாக | வசதி | நல்ல விஸ்கி | வீட்டுக்காரர் சொல்லும்போது |

## திரும்பும் வழி

இரவு பத்து மணி முதல் காலை ஐந்து வரை ஆட்டோ மீட்டருக்கு ஒன்றரை மடங்கு. 2025 ஆகஸ்ட் முதல், முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18. ஒன்பது கிலோமீட்டர் என்றால் பகலில் 162, இரவில் 243. மருமகன் 450 கொடுத்தான். நள்ளிரவில் மீட்டரைப் பற்றி வாதாடும் நிலையில் அவனும் இல்லை, கேட்கும் நிலையில் ஓட்டுநரும் இல்லை.

சொந்த வண்டி என்பது இந்த ஒப்பீட்டிலேயே வராது. சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால், ஒரு பெரிய மக்கிலேயே பலருக்கு அது தாண்டிவிடும். முதல் முறை பிடிபட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அது சட்டக் கணக்கு. விபத்தின் கணக்கு வேறு. வண்டியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும். பப் வாசலில் நிறுத்திவிட்டு "காலையில் எடுத்துக்கொள்ளலாம்" என்றவர்கள் பாதிப் பேர் இரவிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் சுருக்கி மருமகனுக்கு அனுப்பினேன். வியாழக்கிழமை ஆறரைக்கு இந்திரா நகரில் ஒரே ஒரு மக், கோதுமை பியர், சுவை பார்ப்பதற்கு. அங்கிருந்து மெட்ரோவில் அல்சூர் அடுத்த நிலையம்தான். ஏழரைக்கு அங்கே இறங்கினால் மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தேன்.

ஏழு நாற்பதுக்கு வந்தான். கடலைத் தட்டைப் பார்த்ததும் முதல் கேள்வி: "இதற்கு எவ்வளவு மாமா?"